பிரிவு இருபத்திரண்டு

மார்ச் 3

சட்டாம்பிள்ளைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பாய்லருக்கு மட்டும் இருமல், உன் அத்தானுக்கு முட்டிவலி. இரண்டுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் இருவர் உடம்பும் எப்படி? உன் போன கடிதத்தின் ஓரத்தில் உன் பெண்டாட்டி வழக்கமாக எழுதும் இரண்டு வரி இல்லை. என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டு எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தொழிலாளர் ஆபீசிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா நம் லாண்ட்ரிக்கு வந்தார். பணி விதிகளைக் காட்டுங்கள் என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ எழுதிக் கொடுத்த புத்தகத்தைச் சோப்புத்தூள் டின்னுக்கு அடியிலிருந்து உருவி, துடைத்து, பெருமையாகக் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் தாங்கவில்லை, சிரித்தே விட்டார். 'ஊழியர்கள் லிஃப்டில் புகைபிடிக்கக் கூடாது.' 'அதிகாரிகளுக்கான உணவு அறையில் அமரக் கூடாது.' நம் இடத்துக்கு மாடியே கிடையாது, லிஃப்ட் எங்கிருந்து வந்தது? நீ பணியாளர் அதிகாரியாக இருக்கும் கம்பெனியின் புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதி, பேரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறாய். அதில் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நானும்தான். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜூன் முடிவதற்குள் புதிதாக எழுதி, எல்லாருக்கும் படித்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அதுவரை இந்தப் புத்தகம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கவலை அந்தக் கடைசிப் பேச்சுதான். நம் இஸ்திரி மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் பத்தொன்பது நாளாக வரவில்லை. பிரிவு இருபத்திரண்டு என்ன சொல்கிறது தெரியுமா? தெரியாமலா, நீ எழுதியது. 'முன் அறிவிப்பின்றிப் பதினைந்து நாட்களுக்கு மேல் வராதவர் தாமாகவே வேலையை விட்டு நீங்கியதாகக் கருதப்படுவார்.' பதினாறு வருஷம் கூட நின்ற மனுஷன். பேரை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் போன வருஷம் துணி மடிக்கும் பெண் ஒருத்தியின் பேரை இதே பிரிவைக் காட்டி அடித்தேன். இரண்டு மாதம் கழித்து வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். நான் அனுப்பிய கடிதம் அவள் கைக்குப் போகவே இல்லை. ஆனது ஆயிற்று என்று அனுப்பிவிட்டேன். இப்போது மாஸ்டருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டால், மற்ற பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

போனில் கேட்டால் 'சரி, பார்க்கலாம்' என்று வைத்துவிடுவாய். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது நீ ஆறாம் வகுப்பில் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிய விதி. ஞாபகம் இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். அத்தானின் முட்டியை டாக்டரிடம் காட்டு, எண்ணெயோடு நிற்காதே.

அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. விதிகளை ஒவ்வொரு பகுதியாகத் திருத்தி அனுப்புகிறேன். லிஃப்டை நான் கவனித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

மாஸ்டர் விஷயத்தில் நீ உணர்ச்சிவசப்படுகிறாய். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பு. ஏழு நாளில் பதில் இல்லாவிட்டால் பேரை எடுத்துவிடு. அதுதான் நடைமுறை. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்து உன் அத்தான், "என்ன இது, தம்பி எழுதினதா, கம்பெனி எழுதினதா?" என்று கேட்டார். ஆனால் கம்பெனி பேர் போட்ட காகிதத்தைக் காணோம். வெறும் கோடு போட்ட தாளில் எழுதியிருக்கிறாய். அங்கேயும் சிக்கனம் வந்துவிட்டதா? அவளுடைய இரண்டு வரி இந்தத் தடவையும் இல்லை. நலம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். தலைவலியா, காய்ச்சலா, சண்டையா, எதுவானாலும் எழுது.

நீ சொன்னபடி மாஸ்டருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். 'இந்த முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தது. சந்தேகம் வந்து முகவரிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ கோடு போட்டுக் கொடுத்ததற்கு அப்புறம் அதில் யாரும் கை வைக்கவில்லை. வேலைக்கு வந்திருந்த எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டேன். ஏழு பேர் வீடு மாறியிருக்கிறார்கள். இன்னொன்று சொன்னால் சிரிப்பாய்: என் பேருக்கு நேரே நாங்கள் ஆறு வருஷத்துக்கு முன்னால் காலி செய்த வீடு இருக்கிறது. எனக்கே ஒரு கடிதம் போட்டிருந்தால் நானும் வேலையை விட்டு நீங்கியவள்தான்.

சிரித்து முடித்ததும் அந்த மடிக்கும் பெண் ஞாபகம் வந்தது. அவளுக்கும் பழைய முகவரிக்குத்தான் எழுதியிருக்கிறேன். போய்ச் சேராத கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று ஒருத்தியின் வேலையைப் பறித்திருக்கிறேன்.

உன் அத்தான் மாஸ்டர் பேரை அடித்துவிட்டு வேறு ஆள் பார்க்கச் சொல்கிறார். ஐம்பத்தைந்து நாளாகிறதே என்கிறார். மடிக்கும் பெண்களில் மூத்தவள் நேராகவே கேட்டாள்: "அவளுக்கு ஒரு நியாயம், மாஸ்டருக்கு ஒரு நியாயமாக்கா?" நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காகிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கையில் கிடைத்ததில் எழுதினேன், அவ்வளவுதான். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் பாய்லர் இருமலுக்கு ஆள் கூப்பிட்டாயா?

முதல் இருபத்தோரு பிரிவுகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். லிஃப்ட், உணவு அறை, கார் நிறுத்துமிடம் மூன்றும் போய்விட்டன. வெந்நீர்த் தொட்டிப் பக்கம் ரப்பர் செருப்பு போடுவது, இஸ்திரி மேஜைக்கு இருவராக நின்று பெரிய விரிப்புகளைத் தூக்குவது, வெயில் நாளில் இரண்டு தடவை ஓய்வு, இதெல்லாம் புதிதாகச் சேர்த்தவை. நம் லாண்ட்ரியில் நான் ஒரு கோடை விடுமுறை முழுவதும் துணி எண்ணியவன் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

முகவரிக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கேட்டு நிரப்ப வேண்டும். நீயும் நிரப்பு.

பிரிவு இருபத்திரண்டை இன்னும் எழுதவில்லை. அந்தத் தாளைக் காலியாக விட்டு அனுப்புகிறேன். இரண்டு மூன்று தடவை தொடங்கினேன், வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மாஸ்டர் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா?

தம்பி


மே 5

தம்பிக்கு,

பாய்லர் இருமல் நின்றது, மாமாங்கமாக மாற்றாத ஒரு வாஷரை மாற்றினோம். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி, நம்பினேன் என்று வைத்துக்கொள்.

யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று நீ கேட்ட கேள்வி என்னைச் சுருக்கென்று குத்திவிட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட மாஸ்டர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. டெலிவரி வேனை எடுக்கச் சொல்லி நானும் உன் அத்தானும் கிளம்பினோம். பழைய வீட்டில் கேட்டால் மருந்துக்கடையைக் காட்டினார்கள், மருந்துக்கடையில் கேட்டால் சைக்கிள் கடையைக் காட்டினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.

கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கிறது, திறக்கவில்லை. உன் அத்தான் போய்விடலாம் என்றார். நான் இன்னொரு தடவை தட்டி, "மாஸ்டர், நாந்தான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கை நடுங்குகிறது, தம்பி. சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. கடைசியாக வந்த அன்று ஒரு ஆஸ்பத்திரி விரிப்பைக் கருக்கிவிட்டு, அதை மடித்து மற்ற துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் விரிப்பு. எனக்கு அது காணாமல் போனதுகூடத் தெரியாது.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க வருவீங்கன்னு நினைக்கலம்மா. லெட்டர் வரும்னுதான் நினைச்சேன். லெட்டர் வந்தா முடிஞ்சுபோச்சுன்னு மனசு ஆறும். அதுவும் வரல."

டாக்டரிடம் அழைத்துப் போனோம். மருந்தில் குறையுமாம், சூடான பெட்டியைத் தொடக் கூடாதாம். கண்ணும் வாயும் நன்றாக இருக்கிறதே, வந்து வெளியே போகும் துணியைச் சரிபார்க்கட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் விதிப்படி அவர் இப்போது நம் ஆளே இல்லை. நான் அவரை வைத்துக்கொள்ளவும் வேண்டும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் ஆகிறமாதிரி இருபத்திரண்டை எழுதிக் கொடு. உன்னால் முடியாதென்றால் வேறு யாரால் முடியும்?

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

மாஸ்டர் கைக்கு மருந்து வேளை தவறாமல் போகிறதா என்று பார்த்துக்கொள். உங்கள் இருவரையும் விசாரித்ததாக அவள் சொல்லச் சொன்னாள்.

பழைய இருபத்திரண்டைக் கம்பெனிக்காக நான் முதலில் எப்போது எழுதினேன் தெரியுமா? ஒரு மதியம், சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவே, அரைமணி நேரத்தில். நல்ல வாக்கியம் அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். புதியதற்கு ஐந்து நாள் ஆயிற்று. கீழே எழுதியிருக்கிறேன். சட்டத்துக்குப் பொருந்தாதது எதுவும் இல்லை, ஆனால் விதி மாதிரி இல்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லலாம்.

'ஒருவர் சொல்லாமல் வராமல் இருந்தால், பதினைந்து நாளுக்குள் நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கடிதம் மட்டும் போதாது. அவர் வீடு மாறியிருந்தால் புதிய வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. முதல் தட்டலில் கதவு திறக்காவிட்டால் திரும்பிவிடக் கூடாது. போகிறவர் கையில் காகிதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. முதலில் உட்கார வேண்டும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் அவராகச் சொல்ல மாட்டார். இவ்வளவும் செய்யாமல் எவர் பேரையும் எடுக்கக் கூடாது.

'இதற்கு முன் இப்படிப் பார்க்கப்படாமல் பேர் எடுக்கப்பட்டவர்களையும் போய்ப் பார்க்க வேண்டும்.'

கடைசி வரி அந்தப் பெண்ணுக்காக. அதை வைத்துக்கொண்டு மாஸ்டரைச் சேர்த்தால் யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள்.

தம்பி


மே 28

தம்பிக்கு,

மாஸ்டர் வந்துவிட்டார். மருந்து வேளைக்குப் போகிறது, கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வந்த முதல் நாளே மூன்று தலையணை உறையில் கறை கண்டுபிடித்து எல்லாரையும் பிடிபிடியென்று பிடித்தார். ஆளாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

விதிகள் முழுவதையும் உரக்கப் படித்தேன். ரப்பர் செருப்புக்குக் கேலி செய்தார்கள், ஓய்வுக்குக் கைதட்டினார்கள். இருபத்திரண்டை மட்டும் மூத்தவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் வீட்டுக்கும் போனேன். முதல் தடவை என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் மறுபடியும் போய்த் தட்டினேன், விதியில் இருக்கிறதே. உள்ளே விட்டாள். நான் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்கு இப்போது இதைவிட நல்ல வேலை இருக்கிறது, திரும்பி வர மாட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். 'தாமாகவே நீங்கினார்' என்று அவள் பேருக்கு நேரே எழுதியிருக்கிறதே, அதை அடிக்க வேண்டும். "நானா போகலக்கா. அது மட்டும் சரியா இருக்கட்டும்." லாண்ட்ரிக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, அவள் கண்முன்னாலேயே அடித்து, 'நிறுவனத்தின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

இனி உன் விஷயம். இருபத்திரண்டை நான் இதுவரை முப்பது தடவையாவது படித்திருப்பேன். 'ஏனென்றால் அவராகச் சொல்ல மாட்டார்.' இது மாஸ்டரைப் பற்றியது இல்லை. மாஸ்டர் வீட்டில் வேறு யாரும் கிடையாது என்று நான்தான் எழுதியிருந்தேனே. உன் கடித உறையில் இருக்கும் தபால் முத்திரையும் நீங்கள் இருக்கும் பகுதியுடையது இல்லை. உனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் நான். நீ எழுதாமல் விடுவதும் எனக்குப் படிக்கத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது?

அக்கா


ஜூன் 17

என் தம்பிக்கு,

இருபது நாள் ஆகிறது, பதில் இல்லை, போனையும் நீ எடுப்பதில்லை. நானும் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

திங்கட்கிழமை உன் கம்பெனிக்குப் போன் செய்தேன். போன் எடுத்த பெண் நல்ல மாதிரி. ஜனவரியிலிருந்து நீ அங்கே இல்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "ரொம்ப நாள் வரலைன்னு ரூல்படி பேரை எடுத்துட்டாங்கம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர்தான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்புறம் உன் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் பிப்ரவரியிலேயே காலி செய்துவிட்டீர்களாம். என் கடிதங்களையெல்லாம் முகவரி மாற்றி உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அவர்தானாம். புதிய முகவரி கேட்டேன். "அவரே சொல்லட்டும்மா, வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மார்ச் மாதக் கடிதத்தில் 'விதி எல்லாருக்கும் ஒன்றுதான்' என்று எழுதினாயே, அப்போது உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்ததும் அந்தக் கோபம் அழுகையாகிவிட்டது. உன்னைத் திட்டுவதற்கு இல்லை இந்தக் கடிதம்.

இன்ஸ்பெக்டர் அம்மா நேற்று வந்து புத்தகத்தைப் பார்த்தார். "முதல்ல உட்காரணும்னு விதியில எழுதுவாங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சட்டாம்பிள்ளை அப்படித்தான் எழுதுவான் என்றேன். இன்னொரு தடவை படித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். ஆகையால் அது இப்போது அமலில் இருக்கிறது.

அமலில் இருப்பதால் சொல்கிறேன். நீ எங்களிடம் ஒரு கோடை முழுவதும் வேலை பார்த்தவன். சொல்லாமல் வராமல் இருப்பவன். பதினைந்து நாள் தாண்டியாயிற்று. இருபத்திரண்டாம் பிரிவின்படி நான் உன் வீட்டுக்கு நேரில் வந்தாக வேண்டும். எங்கே வருவது?

நீ போட்டுக் கொடுத்த முகவரிப் படிவம் ஒன்று இதோடு இருக்கிறது. வீட்டுக்கார அம்மா சேர்த்துவிடுவார். அதை மட்டும் நிரப்பி அனுப்பு, கடிதம்கூட வேண்டாம். கையில் காகிதம் கொண்டுவர மாட்டேன். முதலில் உட்காருவேன்.

அக்கா


ஜூன் 24

ஊழியர் முகவரிப் படிவம்

ஊழியர்: தம்பி. துணி எண்ணும் வேலை, ஒரு கோடை.

பழைய முகவரி: உனக்குத் தெரிந்ததுதான்.

தற்போதைய முகவரி: பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, கீழ்த்தளத்திலேயே இரண்டாவது கதவு. அவளால் படி ஏற முடியாது என்பதால் இங்கே வந்தோம்.

வராமல் இருந்ததற்குக் காரணம்: அவளுக்கு டிசம்பரில் மூளையில் ஆபரேஷன். எடுத்த லீவு முடிந்தது, அவள் கண் திறக்கவில்லை. லீவை நீட்டிக்க எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது, மற்றவர்களுக்கு அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறாம் நாள் கடிதம் வந்தது. என் கீழே வேலை பார்த்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். வாக்கியம் என்னுடையது, ஒரு சொல்கூட மாறவில்லை. போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அதே வாக்கியத்தை நான் நாற்பத்தொரு பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அக்கா. எந்த முகத்தோடு போவேன்?

நேரில் வந்து பார்த்தவர்: ஒருவரும் இல்லை. நானும் ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை.

நிறுவனம் செய்ய வேண்டியது: நாற்பத்தொரு பேரில் நாலு பேர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்வந்தேன். இன்னும் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். தனியாகப் போகக் கால் வரமாட்டேன் என்கிறது.

வராமல் போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்: அக்காவுக்கு.

(படிவத்தின் ஓரத்தில், கோணல்மாணலாக, வேறு கையெழுத்தில்)

அண்ணி, எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கை இப்போதுதான் எழுத வருகிறது. மணி அடிக்காது, தட்டுங்க.
அவர் திறக்கலைன்னா நான் திறக்கிறேன். மெதுவாத்தான் வருவேன், போயிடாதீங்க.